ஹைலேண்டர் ஹீரோ: கில்ட் இருக்கு, ஆளைக் காணோம். உதவி தேவை

#1 தேன்மொழி

வணக்கம் மக்களே. ரெண்டு குடும்ப நாவல் முடிச்ச தைரியத்துல ஒரு ஹைலேண்டர் ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ் ஆரம்பிச்சேன். ஸ்காட்லாந்து மலை, கோட்டை, குதிரை, மழை எல்லாம் இருக்கு. பன்னிரண்டு எபி (எபிசோட்) எழுதி வச்சுட்டு முதல் மூணை என் தோழிகிட்ட படிக்கக் கொடுத்தேன். ஒரே வரியில முடிச்சுட்டா: "இவன் உன் போன நாவல்ல வந்த கோயம்புத்தூர் மில் ஓனர்தானடி? வேட்டிக்குப் பதிலா கில்ட் கட்டியிருக்கான்."

ரெண்டு நாள் அவகூடப் பேசல. மூணாம் நாள் எடுத்துப் படிச்சுப் பார்த்தா, அவ சொன்னது சரி.

கதைச் சுருக்கம்: வருஷம் 1314. ஹீரோ லார்ட் கேலன், மேக்கென்சி குலத்தலைவன், வயசு 28, ஆறடி நாலு அங்குலம், குலத்துக்குரிய டார்ட்டன் (கட்டம் போட்ட துணி) கில்ட். அண்ணனைக் கொன்ன இங்கிலீஷ் பிரபுவோட மகள் ரோஸைக் கடத்திட்டு வந்து, 'ஒரு வருஷம் ஒரு நாள்' ஒப்பந்தக் கல்யாணம் பண்ணிக்கிறான். பழிவாங்கத்தான். அப்புறம் காதல். அவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப அவ உருளைக்கிழங்கு சூப் வச்சுக் கொடுக்கிற சீன் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

எங்க தப்புன்னு சொல்லுங்க. அழ மாட்டேன்.

#2 மஞ்சு_ரீடர்

சிஸ், கேக்கவே செமயா இருக்கு!! யூடி (அப்டேட்) எப்போ?

#3 கறார் கந்தன்

அழ மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டீங்க, அதனால சொல்றேன்.

1314-ல கில்ட் கிடையாது. இடுப்புல பெல்ட் போட்டுக் கட்டுற பெரிய பிளெய்டு (நீளமான கம்பளித் துணி) பத்தின முதல் எழுத்துக் குறிப்பே 1594-லதான் வருது. அதுக்கு முன்னாடி முழங்கால் வரைக்கும் தொங்குற லினன் சட்டை, அது மேல ஒரு போர்வை, சண்டைன்னா பஞ்சு திணிச்ச மேலங்கி. இன்னைக்குக் கல்யாண ஃபோட்டோவுல பாக்குற குட்டைக் கில்ட் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 'ஒரு குலத்துக்கு ஒரு டார்ட்டன்' அதுக்கும் பின்னாடி. 1822-ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பரோ வந்தப்ப நடந்த கூத்துக்கு அப்புறம்தான் அது சூடு பிடிச்சது. உங்க கேலன் ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறம் தைக்கப்போற துணியைக் கட்டிக்கிட்டு நிக்கிறார்.

'லார்ட் கேலன்'னு அவர் ஆளுங்க கூப்பிட மாட்டாங்க. பெரிய தலைக்கட்டுகளை நிலத்தின் பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க. லாக்கீல், கிளென்கேரி, அப்படி. நம்ம ஊர்ல ஜமீனை 'எட்டயபுரம்'னு சொல்ற மாதிரின்னு வச்சுக்கோங்க.

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவுல இருந்து வரணும். ஹைலேண்ட்ஸ்ல அது சாப்பாடா ஊனினது 18-ஆம் நூற்றாண்டு நடுவுலதான்.

#4 தேன்மொழி

சூப்பையாவது விட்டுவச்சிருக்கலாம் சார்.

#5 பேனா பிடிக்காதவள்

சூப்பை விடுங்க தேனு. கடத்தலுக்கு வருவோம். நம்ம ஆன்லைன் நாவல்கள்ல பாதி ஹீரோ கட்டாயத் தாலி கட்டித்தான் அறிமுகமாகிறான். ஸ்காட்லாந்து போனா அது 'வரலாறு'ன்னு ஒரு லைசன்ஸ் வேற கிடைச்சுடுது.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா? 1697. சைமன் ஃப்ரேசர், பின்னாள்ல லோவாட் பிரபு ஆனவர். சொத்துத் தகராறுல விதவை அமீலியா முர்ரே இருந்த வீட்டுக்கு ஆளோட போய், பாதிரியைக் கூப்பிட்டு வந்து பலவந்தமாக் கல்யாணம். அவ அலறல் வெளிய கேக்காம இருக்க பேக்பைப் ஊதச் சொன்னாங்கன்னு பதிவு இருக்கு. 1750-ல, பேர்போன ஹைலேண்ட் கொள்ளைக்காரன் ராப் ராயோட மகன் ராபின் ஓய்க், ஜீன் கீ-ங்கிற பணக்கார இளம் விதவையை ராத்திரியில வீடு புகுந்து தூக்கிட்டுப் போனான். 1754-ல எடின்பரோவுல தூக்கு.

அந்தக் காலத்து ஆளுங்களே குத்தம்னு தூக்குல போட்டதை, நாம 'முரட்டுப் பாசம்'னு எழுதுறோம்.

#6 மஞ்சு_ரீடர்

அக்கா, கதைன்னா கதை. எனக்கும் நிஜத்துல ஒருத்தன் தூக்கிட்டுப் போனா செருப்பால அடிப்பேன். ஆனா புக்ல படிக்கப் பிடிக்கும். அதுல என்ன தப்பு?

#7 பேனா பிடிக்காதவள்

படிக்கிறதுல தப்பே இல்ல மஞ்சு. நானும் ரகசியமாப் படிக்கிறவதான். என் பிரச்சினை வேற. கடத்தினா ஹீரோவுக்கு வேலை மிச்சம். அவளை அவன் ஜெயிக்கவே வேண்டாம், கதவைப் பூட்டினாப் போதும். அதனாலதான் ஆள் சப்புன்னு இருக்கான்.

#8 கறார் கந்தன்

ஒரு விதிவிலக்கு சொல்லணும். காடர் கோட்டை வாரிசு மியூரியல். 1499-ல கைக்குழந்தையா இருக்கும்போதே கேம்பெல் குலத்து ஆளுங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க, சொத்துக்காக. பின்னாடி அடையாளம் தெரியணும்னு வீட்டார் பழுக்கக் காய்ச்சின சாவியால சூடு போட்டாங்க, செவிலித்தாய் விரல் நுனியைக் கடிச்சு எடுத்தான்னு ஊர்க்கதை. குழந்தை வழியில செத்துப்போனா என்ன செய்வேன்னு கேட்டதுக்கு, 'லாக் ஆ ஏரிக்கரையில செம்பட்டை முடிப் பொண்ணு ஒண்ணு இருக்கிறவரை இவ சாகமாட்டா'ன்னு கேம்பெல் ஆள் சொன்னதாவும் சொல்வாங்க. 1510-ல கேம்பெல் குலத்தலைவரான ஆர்கைல் பிரபுவோட மகன் ஜானுக்குக் கட்டி வச்சாங்க. அந்தக் கல்யாணம் நல்லாவே நடந்ததுன்னுதான் பேச்சு. இன்னைக்கு இருக்கிற காடர் கேம்பெல் வம்சமே அதுல வந்தது.

இதே ஜானுக்குக் கூடப்பிறந்தவ ஒருத்தி. டூவார்ட் கோட்டை மெக்லீனுக்குக் கட்டிக் கொடுத்தாங்க. அந்த மனுஷன் அவளை அலை ஏறும்போது மூழ்கிப்போற ஒரு பாறையில கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டான். மீன்பிடிப் படகுக்காரங்க காப்பாத்தினாங்க. பாறைக்கு இன்னைக்கும் 'சீமாட்டிப் பாறை'ன்னுதான் பேரு. 1523-ல மெக்லீனை எடின்பரோவுல, படுக்கையிலயே குத்திக் கொன்னது இந்த ஜான்தான். ஒரே ஆள், வீட்டுக்குள்ள நல்ல புருஷன், வெளியில கொலைகாரன். ஹீரோ வேணும்னா இங்க தேடுங்க.

#9 நர்ஸ் அக்கா (இன்வர்னெஸ்)

தேனு, நான் பதினோரு வருஷமா இன்வர்னெஸ்ல இருக்கேன். சொந்த ஊரு நாகர்கோவில். ஹிஸ்டரி எல்லாம் கந்தன் தம்பி பாத்துக்கும். நான் கண்ணால பாக்கிறதைச் சொல்லுதேன்.

உன் முதல் எபியில ஜூன் மாசம், நடு ராத்திரி, கும்மிருட்டு, நிலா வெளிச்சத்துல ரெண்டு பேரும் சந்திக்கிறாங்க. இங்க ஜூன்ல சூரியன் மறையறதே பத்து மணிக்கு மேலதான். அதுக்கப்புறமும் வானம் முழுசா இருளாது. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்க நான் கறுப்புத் திரை வாங்கிப் போட்டிருக்கேன். ஒளிஞ்சு சந்திக்கணும்னா டிசம்பருக்குப் போ. மூன்றரை மணிக்கே பொழுது சாஞ்சிடும், களவுக்கு நல்ல வசதி.

ரெண்டாவது, மிட்ஜ். கொசுவுக்குச் சித்தப்பா பையன், அளவுல எள்ளைவிடச் சின்னது. காத்து அசையாத கோடைச் சாயங்காலம், ஈரமான புல்வெளி, அதாவது நீ முத்தம் வைக்கிற எல்லா இடத்துலயும் அது ஆயிரக்கணக்குல இருக்கும். போன ஜூலையில வீட்டுக்காரரோட ஒரு ஏரிக்கரையில சப்பாத்தி பிரிச்சு உக்காந்தோம். மூணாவது வாய் எடுக்கல, காருக்குள்ள ஓடிட்டோம். காதுமடல் பூரா தடிச்சு, மறுநாள் வார்டுல எல்லாரும் கேட்டாங்க. காத்தடிச்சா வராது, புகை போட்டாலும் கொஞ்சம் விலகும். அதனால காதலர்களை மேட்டுல, காத்துல உக்கார வை. இல்ல பீட் (சதுப்பு நிலத்துல வெட்டி எரிக்கிற மண்) அடுப்புப் புகைக்குள்ள உக்கார வை.

மூணாவது, தனிமை. குடிசைன்னா நடுவுல அடுப்பு, ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் மொத்தக் குடும்பம். கோட்டையிலயும் கூடத்துல பத்து இருபது பேரு படுத்துக் கிடப்பான். தனிமைக்கு ஒரே இடம் ஷீலிங். கோடையில மாடுகளை மேல் மலைக்கு ஓட்டிட்டுப் போய், பொண்ணுங்க சின்னக் குடில்கள்ல தங்கி, பால் கறந்து வெண்ணெயும் சீஸும் எடுப்பாங்க. இங்க மலை பாஷையான கேலிக்ல இருக்கிற காதல் பாட்டுல பாதி அந்தக் குடில் வாசல்லதான் நடக்கும்.

#10 வெட்சிப்பூ

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். என் பேத்தி இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். மலையும் காதலும் என்றதும் எல்லாரும் குறிஞ்சி என்பார்கள். நான் பார்த்தவரை இது வெட்சி நிலம். அடுத்தவன் ஆநிரையைக் கவர்ந்து வருவது அங்கே இளைஞனுக்கு வீரத்தேர்வு. மீட்கப் போகிறவன் கரந்தை சூடவில்லையே தவிர, வேலை அதேதான். ஆனால் ஒப்புமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம். அவர்களைத் தமிழராக்கிவிட்டால் தோழி சொன்ன மில் முதலாளி திரும்பி வந்துவிடுவார்.

நாயகனைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்கிறேன் அம்மா. உங்கள் கேலன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன்? தலைவன், திரண்ட தோள், பெற்றோர் இல்லை, அண்ணனும் செத்தாயிற்று. கேட்க நாதியில்லாதவன் காதலித்தால் என்ன, காதலிக்காவிட்டால் என்ன? அந்த மண்ணில் ஒருவன் தனியாள் கிடையாது. தலைவன் பிள்ளையை வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுப்பார்கள். கூட வளர்ந்தவன் உடன்பிறந்தவனைவிட நெருக்கம். 'இரத்த உறவு இருபது மட்டும், வளர்ப்பு உறவு நூறு மட்டும்' என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. அந்த வளர்ப்புத் தம்பி முகத்தில் விழிக்க முடியாமல் போகும்படி நாயகன் ஒருத்தியை விரும்பட்டும். தோள் அகலம் தானாக வரும்.

#11 தேன்மொழி

ஐயா, இதை எழுதி மேஜை மேல ஒட்டிட்டேன்.

அப்ப ரோஸ் வேண்டாமா? இங்கிலீஷ் பொண்ணு வந்தா வாசகருக்கு எல்லாத்தையும் அவ கண்ணு வழியா விளக்கலாமேன்னு வச்சேன். அப்புறம் 'ஒரு வருஷம் ஒரு நாள்'. அதுவும் பொய்யா?

#12 கறார் கந்தன்

முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். தீவுப் பகுதியில ஒரு வருஷம் வச்சுப் பார்த்துட்டுக் கட்டிக்கிற பழைய வழக்கம் இருந்ததுன்னு தீவுக்காரரான மார்ட்டின் மார்ட்டின் 1703-ல எழுதியிருக்கார். ஆனா ஹேண்ட்ஃபாஸ்டிங்னு சொல்ற இந்த வழக்கம் பெரும்பாலும் நிச்சயதார்த்தம்தான்னு பின்னால வந்த ஆய்வாளர்கள் வாதாடியிருக்காங்க.

உண்மையான சட்டம் அதைவிடக் கதைக்கு உதவும். ஸ்காட்லாந்துல ஆணும் பெண்ணும் 'இப்பவே நீ என் மனைவி', 'நீ என் கணவன்'னு மனசொத்துச் சொல்லிட்டாப் போதும், கல்யாணம் செல்லும். பாதிரி வேண்டாம், கோயில் வேண்டாம். இந்த வகைக் கல்யாணம் 1940 வரைக்கும் செல்லுபடியாச்சு. யோசிங்க. ஷீலிங் குடில், ரெண்டே பேர், சொல்லிட்டாங்க. கீழ இறங்கினதும் அவன் செத்துட்டான், இல்ல மறுத்துட்டான். அவ எப்படி நிரூபிப்பா?

#13 வெட்சிப்பூ

பொய்யும் வழுவும் தோன்றியதால்தான் ஐயர் (பெரியோர்) கரணம் (மணச் சடங்கு) வகுத்தனர் என்று தொல்காப்பியர் சொன்னது இதைத்தான். சகுந்தலைக்கு மோதிரம் தேவைப்பட்டதும் இதற்குத்தான்.

#14 வல்லிபுரத்தாள்

நான் யாழ்ப்பாணம், இப்ப கிளாஸ்கோவில இருக்கிறன். ஒருத்தரும் சீதனத்தைப் பற்றிக் கதைக்கேல்லை எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

இஞ்சயும் இருந்தது. 'டோக்கர்' எண்டு சொல்லுவினம். மாடு, காசு, சில நேரம் ஆக்கள். 1569-இல ஆக்னஸ் கேம்பெல் அயர்லாந்தில ஓ'நீல் குலத்தலைவரைக் கட்டேக்க சீதனமாக் கொண்டுபோனது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹைலேண்ட் கூலிப்படை! அப்பிடிப்பட்ட பொம்பிளை கோட்டையில சூப் காய்ச்சிக்கொண்டு இருக்க மாட்டா. ரெண்டு நாட்டு அரசியலையும் அவதான் நடத்தினவ.

இன்னொண்டு. கலியாணம் முடிச்சாலும் பொம்பிளையள் தங்கட குடும்பப் பேரை விடுறேல்லை. மக் எண்டால் மகன், நிக் எண்டால் மகள். கேம்பெல் பெட்டை யாரைக் கட்டினாலும் கேம்பெல்தான். உங்கட கதையில பேருக்கு ஒரு வேலை இருக்கலாம் எண்டு நினைக்கிறன்.

#15 கறார் கந்தன்

வல்லிபுரத்தாள் அக்கா பேரைப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வந்தது. தேன்மொழி, ரோஸை அனுப்பி வையுங்க. நிஜத்துல நடந்த ஒண்ணைச் சொல்றேன்.

மேரியன் கேம்பெல், கிளென்லயன் கேம்பெலோட மகள். கட்டிக்கிட்டது கிரெகர் ராய் மெக்கிரெகரை. அவன் கிளென்ஆர்க்கி கேம்பெல்களுக்குப் பரம எதிரி. 1570 ஏப்ரல் 7-ஆம் தேதி அவன் தலையை வெட்டினது அவளோட சொந்தக்காரரான கிளென்ஆர்க்கி காலின் கேம்பெல். கைக்குழந்தையை மடியில வச்சுக்கிட்டு அவ பாடினதாச் சொல்ற பாட்டை கேலிக் பேசுறவங்க இன்னைக்கும் பாடுறாங்க.

அவங்க மகன் அலஸ்டர்தான் 1603 பிப்ரவரியில கிளென் ஃப்ரூன் சண்டையில கல்கூன் குலத்து ஆளுங்களைத் துவம்சம் பண்ணினது. அதுக்குத் தண்டனையா மெக்கிரெகர்ங்கிற பேரையே அரசு தடை பண்ணிச்சு. பேரை வச்சுக்கிட்டா மரணம். அலஸ்டரை 1604 ஜனவரியில எடின்பரோவுல தூக்குல போட்டாங்க. மிச்சம் இருந்தவங்க முர்ரே, கிராண்ட், டிரம்மண்ட், ஏன், கேம்பெல்னுகூடப் பேரை மாத்திக்கிட்டாங்க. ஒரு மெக்கிரெகர் இன்னொரு மெக்கிரெகரைக் கொன்னு தலையைக் கொண்டுவந்தா மன்னிப்புன்னு ஆசை காட்டினாங்க. பேரை மாத்தினவங்களையும் விடல. நாலு பேருக்கு மேல கூடக் கூடாது, ஆயுதம் கூடாது. சாப்பாட்டுல இறைச்சி அறுக்க ஒரு கத்தி வச்சுக்கலாம், அதுக்கும் முனை இருக்கக் கூடாது. தடை 1661-ல நீங்கி, 1693-ல திரும்ப வந்து, 1774-லதான் முழுசா ஒழிஞ்சது.

இன்னொரு வசதி. 1610-கள்ல பெரிய பிளெய்டு கட்டுறது சரியான காலம். உங்க கில்ட் ஆசையும் பாதி நிறைவேறுது.

#16 வெட்சிப்பூ

மடியில் பிள்ளை, மண்ணில் கணவன். அவள் பாடியது தாலாட்டா, ஒப்பாரியா?

#17 நர்ஸ் அக்கா (இன்வர்னெஸ்)

ரெண்டும்தான் ஐயா. எங்க கேலிக் சாயங்கால வகுப்புல டீச்சர் பாடிக் காட்டுனாங்க. மெட்டு தொட்டில் ஆட்டுத மாதிரி இருக்கும். அர்த்தம் சொன்னதும் வகுப்பே கப்சிப். தன் சொந்தக்காரங்களையே சபிக்கா.

#18 பேனா பிடிக்காதவள்

முனை இல்லாத கத்தி! தேனு, இதை நீங்க எடுக்கலைன்னா நான் எடுத்துக்குவேன்.

#19 சுக்குக் காப்பி

ஒரு சந்தேகம். எல்லாரும் ஏன் குல்லோடன் சண்டையை விட்டுட்டீங்க? ஹைலேண்டர்னாலே அதுதானே வரும்.

#20 கறார் கந்தன்

அதனாலதான். 1746 ஏப்ரல் 16, ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டை, எழுதினவங்க ஆயிரம் பேர். எழுதியே ஆகணும்னா ஆன் மெக்கின்டாஷை எழுதுங்க. புருஷன் அரசுப் படையில கேப்டன். இருபத்து ரெண்டு வயசுல இவ, அரசுக்கு எதிராக் கிளம்பின இளவரசர் சார்லஸுக்காகக் குலத்தைத் திரட்டினா, 'கர்னல் ஆன்'னு பேரு வாங்கினா. புருஷன் இளவரசர் படை கையில கைதியானப்ப, இளவரசர் அவனைப் பொண்டாட்டி காவல்லயே ஒப்படைச்சார். ரெண்டு பேரும் 'கர்னல்', 'கேப்டன்'னு வணக்கம் சொல்லிக்கிட்டாங்கன்னு கதை. ரெண்டு பக்கமும் ஹைலேண்ட் ஆளுங்க நின்னாங்கங்கிறதுக்கு இந்த ஒரு வீடு போதும்.

#21 தேன்மொழி

கர்னல் ஆன் அடுத்த நாவலுக்கு. மெக்கிரெகரை எடுத்துட்டேன், யாரும் துண்டு போடாதீங்க.

புது ஹீரோ: இயன். 1614. ஊருக்கு ஜான் முர்ரே, மாட்டு வியாபாரி. தலைவன் இல்ல, கோட்டை இல்ல. நாயகி மோராக் கேம்பெல். அவ சித்தப்பா வீட்டுலதான் அவனைச் சின்ன வயசுல வளர்க்கக் கொடுத்திருந்தாங்க. தடை வந்தப்ப அந்த வளர்ப்புத் தகப்பன் என்ன செஞ்சார்ங்கிறதுதான் கதையோட முடிச்சு.

இப்பப் பேச்சுக்கு வந்து மாட்டிக்கிட்டேன். இங்கிலீஷ் நாவல்ல ஹைலேண்டர் பேசறது தனியாத் தெரியும், அதுக்குன்னு ஒரு கொச்சை வச்சிருக்காங்க. தமிழ்ல என்ன பண்றது? நெல்லைத் தமிழ் பேச விடவா?

#22 சுக்குக் காப்பி

"ஏலே மோராக்கு, மாட்டை அவுத்து வுடுளா." கில்ட் கட்டின அண்ணாச்சி. நான் படிப்பேன்.

#23 பேனா பிடிக்காதவள்

சிரிச்சு முடியல. வேண்டாம் தேனு. நெல்லைத் தமிழ் எழுதினா வாசகர் மனசுல தாமிரபரணி ஓடும்.

#24 நர்ஸ் அக்கா (இன்வர்னெஸ்)

எங்க ஊரு பாஷையை இப்படிச் சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

ஆனா பேனா சொல்றது சரி. அந்த இங்கிலீஷ் நாவல் கொச்சையே தப்பு. அது தாழ்நிலத்து ஸ்காட்ஸ் பாஷை. அப்ப மலையில பேசுனது கேலிக், அவங்களுக்குள்ள பேசும்போது அது கொச்சையே இல்ல, வீட்டுப் பாஷை. அதனால அவங்க நல்ல சரளமான தமிழ்ல பேசட்டும். தாழ்நிலத்து வக்கீலோ இங்கிலீஷ்காரனோ வந்தா, அவனைச் சட்டப் புஸ்தகத் தமிழ்ல பேச வை. அந்நியன் அவன்தான்.

இதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. கேலிக்ல நம்மள மாதிரியே நீ, நீங்க ரெண்டும் உண்டு. 'து'ன்னா நீ, 'ஷிவ்'னா நீங்க. இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு இது கிடைக்காது, உனக்குக் கிடைக்கும். எந்த எபியில அவ 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு இறங்கறாங்கிறதுதான் உன்னோட முதல் முத்தம். அதை மூணாவது எபியிலயே செலவழிச்சிடாதே.

கொஞ்சல் வார்த்தை வேணும்னா 'மெய்டல்' மாதிரி ஒலிக்கும் ஒண்ணு இருக்கு. என் செல்வமேன்னு அர்த்தம். அந்தச் செல்வத்துக்கு இன்னொரு அர்த்தம் மாடு, கன்னு.

#25 வெட்சிப்பூ

'மாடல்ல மற்றை யவை' என்று வள்ளுவர் சொன்ன அதே மாடு! செல்வத்துக்கும் மாட்டுக்கும் ஒரே சொல். மாட்டு வியாபாரி அவளை வேறு எப்படிக் கொஞ்சுவான்?

#26 நாகூர் ஹனி

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாம ஒண்ணு. ஹைலேண்ட்ஸ்ல எங்க நாகப்பட்டினம் கோட்டை வாசல் மாதிரி ஒரு கட்டடம் இருக்குன்னு யாரோ சொன்னாங்க. கப்சாவா?

#27 நர்ஸ் அக்கா (இன்வர்னெஸ்)

கப்சா இல்ல. அல்னஸ் ஊருக்கு மேல ஃபைரிஷ் குன்றுல இருக்கு. 1781-ல டச்சுக்காரங்ககிட்ட இருந்து நாகப்பட்டினத்தைப் பிடிச்ச ஹெக்டர் மன்ரோ இந்தப் பக்கத்து ஆளு. ஊருக்கு வந்து அந்தக் கோட்டை வாசல் சாயல்ல கட்ட வச்சாரு. பைன் மரத்துக்கு நடுவுல ஏறிப் போனா மொட்டை உச்சியில வளைவு வளைவா நிக்கும். நான் முதல் தடவை போனப்ப காத்துல நிக்க முடியல. வேலையில்லாத குடியானவங்களுக்குக் கூலி கொடுக்கக் கட்டினதாச் சொல்றாங்க. அந்த மன்ரோவே செம்மறி ஆட்டுக்காகக் குடியானவங்களைக் கிளப்பினவருன்னும் சொல்றாங்க. நாகையில இருந்து காசோட திரும்பின ஒரு சிப்பாய் ஹீரோ வேணும்னா யாராவது எழுதுங்கப்பா.

#28 தேன்மொழி

எழுதிட்டேன். முதல் சந்திப்பு, ஒரு துண்டு மட்டும் போடுறேன். இயன் சின்ன வயசுல பார்த்த மோராக்கை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான். அவளுக்கு அவனைத் தெரியல.

"வெண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆள் நின்றிருந்தான். மாடு பார்க்க வந்ததாகச் சொன்னான். பெயர் முர்ரே என்றான். சொல்லும்போது கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னான்.

'உக்காருங்க. சித்தப்பா சாயங்காலம் மேல வருவார்.'

ஓட்ஸ் ரொட்டியும் சீஸ் கட்டியும் எடுத்து வைத்தாள். நான்கு நாள் நடந்தவன் போலப் பசித்திருந்தான், ஆனால் அவசரப்படவில்லை. பிளெய்டின் மடிப்பிலிருந்து கத்தியை எடுத்தான். சீஸின் நடுவில் குத்தி அறுப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஓரத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மெல்ல இறக்கினான். கத்தியின் நுனி கட்டை விரல் போல வட்டமாக இருந்தது. யாரோ உடைத்து, யாரோ தேய்த்தது.

மோராக் அதைப் பார்த்தாள். தான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான் என்பதும் தெரிந்தது. வெளியே கன்று கத்தியது. கீழே பள்ளத்தாக்கில் இந்த மாதிரிக் கத்தி வைத்திருப்பவர்களை என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செய்கிறவர்கள் அவள் வீட்டார்.

தன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி, சீஸ் கட்டிக்குப் பக்கத்தில், பிடி அவன் பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

'அதுல அறுங்க. உங்களது மழுங்கிடுச்சு.'"

#29 மஞ்சு_ரீடர்

சிஸ்ஸ்ஸ். எனக்குப் புல்லரிச்சிடுச்சு. முத்தமே இல்ல, ஆனா என்னமோ பண்ணுது. யூடி எப்போ?

#30 பேனா பிடிக்காதவள்

'செய்கிறவர்கள் அவள் வீட்டார்.' போதும். இவ கதவைப் பூட்டினாலும் நான் படிப்பேன்.

#31 கறார் கந்தன்

குறை சொல்லாம இருக்க முடியாது: கேம்பெல் பொண்ணு தன் கத்தியை ஒரு மெக்கிரெகருக்குக் கொடுத்தது வெளிய தெரிஞ்சா அவளும் குற்றவாளி. மெக்கிரெகருக்கு இடம் கொடுத்தவங்களுக்கு அபராதம் போட்டுத் தள்ளின காலம் அது. பின்னாடி மறக்காம உபயோகிங்க. மத்தபடி சுத்தம்.

#32 நர்ஸ் அக்கா (இன்வர்னெஸ்)

மாசம் என்ன? ஜூலைன்னா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு இவ்வளவு நிதானமா சீஸ் அறுக்க முடியாது. மிட்ஜ் மொய்ச்சிரும். அடுப்புல பச்சைக் கொப்பு எதையாவது போட்டுப் புகைய விடு.

#33 தேன்மொழி

போட்டுட்டேன் அக்கா. இப்ப ரெண்டு பேருக்கும் கண்ணு எரியுது. அவ கண்ணுல தண்ணி வந்தா புகையா வேற எதுவுமான்னு அவனுக்குத் தெரியாது, வசதியாப் போச்சு.

இந்தத் துண்டை என் தோழிக்கு அனுப்பினேன். மில் ஓனர் பேச்சையே எடுக்கல. "அந்தக் கத்தி கடைசியில யார் கையில இருக்கும்?"னு கேட்டா. சொல்ல மாட்டேன்னுட்டேன். எனக்கே இன்னும் தெரியல.

மஞ்சு, முதல் எபி வெள்ளிக்கிழமை.